ஊதினால் எழாத உருண்டை

மார்ச் 11, புதன்.

நேற்று எழுதிய கதையில் ஒரு பிழை. நாயகி மூச்சுப் பயிற்சிக் கருவியின் குழாயில் ஓங்கி ஊதுகிறாள், நீல உருண்டை மேலே எழுகிறது என்று எழுதியிருந்தேன். எழாது. மூச்சை உள்ளே இழுத்தால்தான் எழும்.

1

கதை பிறந்த விதத்தில் மறைக்க ஒன்றுமில்லை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் செவிலி உதவியாளர் வகுப்பு. "மூச்சு எப்படி நடக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்குப் புரியும்படி எழுதி வாருங்கள், கதையாக இருந்தாலும் சரி" என்றார் ஆசிரியை. மற்றவர்கள் படம் வரைந்து அம்புக்குறி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். கதை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத்தான் தலைகால் புரியவில்லை.

என் பக்கத்து இருக்கைக்காரி பல் மருத்துவமனையில் வேலை செய்பவள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்டி, அது என்ன பலூனா? ஊதினா உருண்டை அடியிலயே ஒட்டிக்கும். உறிஞ்சணும்."

"எல்லாரும் ஊதத்தானேடி செய்வாங்க?"

"செய்வாங்க. தப்பா செய்வாங்க."

அந்தப் பதிலில் எனக்குக் கதை கிடைத்தது. பிழையை அடிக்க வேண்டாம். நாயகிக்கே கொடுத்துவிடலாம்.

2

முதல் தொடக்கம்: மனிதனுக்கு இரண்டு நுரையீரல்கள். வலதில் மூன்று மடல்கள், இடதில் இதயத்துக்கு இடம் விட்டு இரண்டு மட்டும் [பாடப்புத்தகம் பேசுகிறது. விட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: அவள் மூச்சே அவளுக்குப் பகையாகி [அழ வைக்கப் பார்க்கிறேன். இதையும் விட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: பேருந்து நிலைய அறிவிப்பாளருக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள்.

இது நிற்கிறது.

3

பேருந்து நிலைய அறிவிப்பாளருக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். வலது விலாவுக்குக் கீழே நீளமாகத் தையல். ஆழமாக மூச்சு இழுத்தால் அது சுண்டி இழுத்தது. அதனால் அவள் மேலோடு மேலாகவே மூச்சு வாங்கினாள், பெரிய வீட்டில் முன்னறையை மட்டும் திறந்து வைத்துக் குடியிருப்பதைப்போல. நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று போகவில்லை. காற்று போகாத இடம் சுருங்கும், சளி கட்டும், காய்ச்சல் வரும். அது வராமல் தடுக்கத்தான் அந்தக் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். மூன்று குழல்கள், குழலுக்கு ஒரு நீல உருண்டை, வாயில் வைக்க ஒரு வளைகுழாய்.

செவிலி செய்து காட்டியபோது அவள் மயக்க மருந்தின் மிச்சத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். [கணவர்? மருந்து வாங்கப் போயிருந்தார். வாசகர் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.]

வீட்டுக்கு வந்ததும் ஊதினாள். உருண்டைகள் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தன.

"என்னங்க, இது ரிப்பேரு."

கணவர் தையல்காரர். ஜன்னலோரம் மெஷினில் இருந்தபடியே சொன்னார்: "புதுசும்மா. தம் கட்டி ஊது."

"கட்டித்தான் ஊதறேன்."

"பஸ் ஸ்டாண்டே அதிர்ற தொண்டை. ஒரு உருண்டைய அசைக்க முடியலையா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. அறிவிப்பை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது அவள் வைத்திருந்த கணக்கு. நடுவில் நிறுத்தினால், அறிவிப்பு முடிந்துவிட்டதென்று நினைத்து ஆட்கள் வேறு நடைமேடைக்கு ஓடிவிடுவார்கள். கண்காணிப்பாளரும் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "திங்கக்கிழமை வந்து ஒரு தடவ சொல்லிக் காட்டுங்கம்மா, அப்புறம் பாப்போம்."

அன்றும் மறுநாளும் ஊதினாள். மூன்றாம் நாள் குழாயைக் கீழே வைத்தாள்.

"மைக் வேண்டாங்க. பாஸ் கவுண்டர்ல ஒரு நாற்காலி கேட்டுக்கறேன்."

மெஷின் சத்தம் நின்றது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். தையல்காரர் ரொம்ப நல்லவராக வருகிறாரோ?*

பிழையை இவர்களுக்கு யார் சொல்வது? செவிலி தொலைபேசியில் கூப்பிடலாம். பெட்டிக்குள் செய்முறைத் தாள் கிடைக்கலாம். நிஜத்தில் அப்படித்தான் நடக்கும். ஆனால் பிழையைச் செய்தது அவள் உடம்பு. அதுவே கண்டுபிடிக்கட்டும்.

"அப்படியெல்லாம் விட முடியாது" என்று தையல்காரர் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். "குழாய வாயில வை. நான் ஊதற மாதிரியே ஊது." கன்னம் இரண்டும் உப்ப, வயிறு முன்னே தள்ள, வெறுங்காற்றில் ஊதிக் காட்டினார். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப்போய் ஜன்னலில் பட்டது.

அவள் தையல் அதிராமலிருக்கத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குழாயைக் கவ்வியபடியே சிரித்தாள். வலித்தது. நிறுத்த முடியவில்லை. சிரிப்பு என்பது வெளிமூச்சு. துண்டு துண்டாக எல்லாம் போய் நெஞ்சு காலியானது. பிறகு உடம்பு தன் வேலையைச் செய்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, கவிழ்த்த கிண்ணம்போல இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கியது, விலாக்கள் விரிந்தன, உள்ளே இடம் உண்டானது. நுரையீரலுக்குத் தானாக இழுக்கும் தசை கிடையாது. இடம் கிடைத்தால் விரியும்; விரிந்தால் காற்று அழைக்காமலே வரும். [இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது.]

டக்.

"ஏங்க! ஏறிச்சு!"

"பாத்தியா, ஊதினா ஏறும்னு சொன்னேன்ல?"

"எங்க ஊதினேன்? சிரிச்சு முடிச்சு மூச்சு வாங்கினேன்." மறுபடி வாங்கிப் பார்த்தாள். டக்.

"அப்போ இத்தனை நாளா?"

"வெட்டியா ஊதிக்கிட்டு இருந்தோம்."

"இருந்தோமா? என்னைய எதுக்குச் சேக்கற?"

"ஊது ஊதுன்னு உயிர வாங்கினது பக்கத்து வீட்டுக்காரரா? ஊருக்கெல்லாம் பொத்தான் வைக்கறீங்க, உங்க சட்டைக்கு ஒண்ணு வைக்க வக்கில்ல."

* ரொம்ப நல்லவர் இல்லை. பொத்தான் தெறித்ததற்குச் சட்டை தைத்தவரைத் திட்டினார். சட்டை அவர் தைத்ததுதான்.

5

திங்கட்கிழமைக்குள் இரண்டாம் உருண்டையும் எழுந்தது. மூன்றாவது மனமிருந்தால் எழும், இல்லாவிட்டால் இல்லை. அவள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். கண்காணிப்பாளர் கதவோரம். தையல்காரர் பயணிகள் நடுவில், அவள் பேசத் தொடங்குவதற்கு முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஒரு முடிவில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். [கைதட்டல் வேறு எழுதினேன். அடித்துவிட்டேன்.]

இன்னொரு முடிவில் பாதியில் நின்று, நிதானமாக மூச்சு வாங்கி, மிச்சத்தைச் சொல்கிறாள். யாரும் ஓடவில்லை. காத்திருக்கிறார்கள்.

இரண்டும் எனக்குச் சந்தோஷம்தான். எது நடந்தது என்பது என் கையில் இல்லை. அறிவிப்பை அப்படியே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் மூச்சு எதைச் சொல்கிறதோ, அதுதான் நடந்தது:

"பயணிகள் கவனத்திற்கு நான்காம் நடைமேடையில் நிற்கும் பேருந்து ஆற்றுப்பாலம் காய்கறிச் சந்தை அரசு மருத்துவமனை கல்லூரி வாசல் நூற்பாலை வழியாகத் துறைமுகம் வரை செல்லும் இருக்கை இல்லாதவர்கள் பின்னால் வரும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம் அவசரம் வேண்டாம்"

நாளை, வியாழன்: கடைக்குக் கிளம்புமுன் இதை நின்றபடி ஒருமுறை சத்தமாகப் படிக்க வேண்டும். எனக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே ஒரு காற்புள்ளி வைத்து, மாலையில் வகுப்பில் கொடுக்க வேண்டும்.