தெற்குச் சுவர்

...சித்தாள் கரணை பிடித்துச் சுவர் வைப்பதைக் கண்டவர்கள் கண்டதாகச் சொல்லக் கூடாது, யாரும் விதித்ததில்லை, ஆனால் பென்னாகரம் சாலையோரம் எழும்பும் இந்த மண்கல் வீடுகளில் வேலை செய்கிற அத்தனை பேரும் அதைக் காத்தார்கள், சித்தாள் வேளாங்கண்ணி கல் ஒரு வரிசையை வைத்து முடித்ததும் அவள் கணவர் அல்போன்ஸ் வந்து மேல்கல்லின் மீது உள்ளங்கையை வைப்பார், அத்தோடு அது மேஸ்திரியின் சுவர், போன மழையில் சாரம் சரிந்து கீழே விழுந்ததிலிருந்து அவருடைய வலக்கை நடுங்குகிறது, சூளையில் விறகு எரிக்காமல் அச்சில் அழுத்தி நிழலில் உலர்த்திய கல் இது, மேலே பூச்சு கிடையாது, கை ஒரு நூல் பிசகினாலும் சுவர் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே அவள் கட்டுகிறாள், யாராவது வந்தால் கரணையை அவரிடம் தந்துவிட்டு மண் மிதிக்கப் போய்விடுகிறாள், "எங்க மேஸ்திரிக்கு மட்டும் மூணு கைடி" என்று கூட மண் சுமக்கும் தீர்த்தம்மாள் சட்டியைத் தூக்கியபடி சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள், அல்போன்ஸும் சிரிப்பார், அதற்குமேல் ஒருவரும் பேசமாட்டார்கள், அவருடைய சுவர் என்றால் தன்னுடையதும்தானே... தானா?

இன்று இஞ்சினியரோடு பட்டணத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள், காட்டு மரத்தை எரிக்காமல் வீடு கட்டுகிறவர்களுக்குத் தம் வேலையில் நிறைவு உண்டா என்று ஆராய்கிறாளாம், நிறைவு... அப்படி ஒன்றைத் தன்னிடம் யார் கேட்டார்கள், கூலி கட்டுதா என்பார்கள், இடுப்பு வலிக்குதா என்பார்கள், மிதித்த மண்ணில் நின்றபடி வேளாங்கண்ணி தான் கட்டிய தெற்குச் சுவரைப் பார்க்கிறாள், இஞ்சினியரும் அதைத்தான் தடவிப் பார்க்கிறார், "மாரண்டஹள்ளி வேலைக்கு நீதான்யா தலைமை மேஸ்திரி" என்று அல்போன்ஸிடம் சொல்கிறார், கடவுளே, அது கிடைக்கட்டும், கிடைத்தால் ஒழுகாத வீடொன்றுக்கு வாடகை கொடுக்கலாம், அவர் மறுபடி தலை நிமிர்ந்து பஸ் ஏறுவார், தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இத்தனை நாள் மூடியிருந்த வாய்தானே, அந்தப் பெண் அவரிடம் கேட்கிறாள், இந்த வேலை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா, அவர் வலக்கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு, "ரொம்பத் திருப்திங்கம்மா, மண்ணு சொன்னபடி கேக்குதுங்க, சாயந்திரம் வூட்டுக்குப் போறதுக்கே மனசு வர மாட்டேங்குதுங்க" என்கிறார்.

அது அவள் சொன்னது. முதல் வரிசை வைத்த அன்று, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, வெட்கத்தோடு, வேறு எவரிடமும் சொல்லாமல் அவரிடம் மட்டும் சொன்னது, அவர் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ எழுந்துபோனார், காதில் விழவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள், சுவரைக் கொடுத்தபோது வலிக்கவில்லையே, இது ஏன் வலிக்கிறது, கல்லும் போகட்டும், பேரும் போகட்டும், அந்தச் சந்தோஷத்தையுமா எடுத்துக்கொள்வார்... அவள் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு நடக்கிறாள், தீர்த்தம்மாள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள், "ஏ, சும்மா இருடி, உம் பொழப்புல நீயே மண்ணப் போட்டுக்காத", பட்டணத்துப் பெண் திரும்பி, உங்களுக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறாள், அல்போன்ஸ் நிமிர்ந்து வேளாங்கண்ணியைப் பார்க்கிறார், கோபம் இல்லை அந்தக் கண்களில், வேறு ஏதோ, கைத்திறனை இழந்தவரின் ஏக்கமா, அவர் திருடவில்லையோ, விழுவதற்கு முன் அவருக்கும் மண் அப்படித்தான் கேட்டிருக்குமோ, தான் சொன்னதைக் கேட்டுத் தம் பழைய கைகளைத்தான் அன்று நினைத்துக்கொண்டாரோ, அதை அவரிடம் தானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே... ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டிருந்தது.

"அந்தச் செவுர நான்தாங்க கட்னேன்."