வெள்ளையடித்த சுவர்

மூன்று வாரமாக வின்னி அந்தச் சுவரைத் துடைக்கவில்லை. கை பரபரத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தாள். கட்டில் தலைமாட்டிலிருந்து கூரை வரை படர்ந்திருந்த கறுப்புப் பூஞ்சணத்தைச் சுகாதார இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்து எழுதினால்தான் வீட்டுக்கான வரிசையில் பாயின்ட் கூடும். பாயின்ட் கூடினால்தான் லண்டனுக்கு வெளியே எழும்புகிற புதுக் காலனியில் கவுன்சில் வாடகைக்குத் தரும் வீடு. போர் முடிந்து மூன்று வருஷமாகியும், அவளுக்கும் புருஷனுக்கும் ஆறு வயது பெரிலுக்கும் வீட்டுக்காரி மிஸஸ் கிரிம்வுட்டின் மாடியில் ஒரே வாடகை அறைதான். பெரிலுக்கு ஓயாத இருமல். இன்னொரு குளிர்காலத்தை அந்த அறையில் பிள்ளை தாங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் பெரிலுக்கு ரிப்பன் கட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசக்கூடாது. மூக்கை உறிஞ்சக்கூடாது. அவர் முகத்துக்கு முன்னாடி இருமக்கூடாது. என்ன?" பெரில் தலையாட்டினாள்.

இருவரும் ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்து மாடிப்படி ஏறும்போதே சுண்ணாம்பு வாடை அடித்தது. உள்ளே மிஸஸ் கிரிம்வுட், தலையில் துணியும் கையில் பிரஷ்ஷுமாக நின்றாள். சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!"

"ஏம்மா கத்துற? கவுன்சில்காரர் வர்றாருன்னு நீதான சொன்ன? கிரிம்வுட் வீடு நாறுதுன்னு அவர் ஊரெல்லாம் சொல்லவா? முப்பது வருஷமா வாசப்படியக்கூட நான் தேய்ச்சுக் கழுவாம விட்டதில்ல. ஒரு தேங்க்ஸ் சொல்ல வாய் வரலியே உனக்கு!"

"தேங்க்ஸ் வேறயா? அந்த அழுக்குதான், மிஸஸ் கிரிம்வுட், எங்களுக்கு வீடு! அதப் போய் பூசி மெழுகிட்டீங்களே!"

வாசல் மணி அடித்தது.

இன்ஸ்பெக்டர் லவெல் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரில் விரலை வைத்தார். விரல் நனைந்தது.

"பாத்தீங்களா சார், ஈரம்!" என்றாள் வின்னி.

"இப்பதான் அடிச்ச சுண்ணாம்பு ஈரமா இல்லாம எப்படிம்மா இருக்கும்?"

"அடியில பூரா பூஞ்சணம் சார். சத்தியமா!"

"இருக்கலாம். ஆனா கண்ணால பாத்ததத்தான் நான் எழுத முடியும்." அவர் பெரில் பக்கம் திரும்பினார். "பாப்பாவுக்கு இருமல்னு டாக்டர் எழுதியிருக்காரே. பகல்லயும் இருக்கா?"

"நிக்கவே நிக்காது சார்!"

எல்லோரும் பெரிலைப் பார்த்தார்கள். கட்டில் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். முகம் செக்கச்செவேலென்றிருந்தது. ஒரு சத்தமில்லை. 'இருமுடி கண்ணு' என்று வின்னிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால், பிள்ளையை நடிக்க வைக்கிறாள் என்றல்லவா அந்த மனுஷர் நினைப்பார்?

"கன்னமெல்லாம் நல்லா செவசெவன்னு இருக்காளே," என்று சிரித்துக்கொண்டே அவர் எழுதினார். "மறுபடி வசந்த காலத்துல வந்து பாக்குறேன்."

குளிர்காலம் போனபிறகு!

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பெரில் இரண்டாக மடிந்து இருமினாள். நெடுநேரம் இருமினாள். மிஸஸ் கிரிம்வுட்டின் கையில் பிரஷ் அப்படியே இருந்தது. வின்னி ஓடிப்போய்ப் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒரு தடவகூட நான் இருமவே இல்லம்மா. நான் சமத்துதான?"

"சமத்துதான்டி," என்றாள் வின்னி.