மேஜரின் அடிமுடி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அன்னத்தாயம்மாள். நாயைப் பற்றி எழுதச் சொன்னார். நான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

"1938 சித்திரையில் போடிநாயக்கனூர் வெயில் தகதகவென்று—"

வேண்டாம். வெயிலை வர்ணித்தே மை தீர்ந்துவிடும்.

ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜ், சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவரிடம் சடைநாய் வாங்கி, மலையிலிருந்து போடிக்கு இறக்கினார். பெயர் மேஜர். பொன்னுராஜுக்கு வழுக்கை. (நான் சேர்த்ததல்ல, நிஜமாகவே வழுக்கை.) நாயின் முடிக்குத் தினமும் தேங்காயெண்ணெய் பூசவைத்தார்.

2

வைகாசியில் மேஜர் சோற்றைத் தொடவில்லை. நாக்கு தரையில் கிடந்தது.

"ஏங்க, முடிய வெட்டிருவோம். இல்லேன்னா நாயி செத்துரும்ங்க" என்றாள் மனைவி அன்னத்தாய்.

"வெட்டிட்டா தெருநாய்க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? தாசில்தாரு வேற பாக்க வாராக!"

அவர் மதுரைக்குப் போன அன்று, செம்மறிகளுக்கு முடி கத்தரிக்கும் சின்னக்கருப்பை அவள் வரவழைத்தாள். (அவளுடைய துணிச்சலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். பயந்துகொண்டுதான் இருந்தாளாம்.)

சின்னக்கருப்பு விரல்விட்டுப் பார்த்தார்.

"கத்திரி வேணாம் ஆத்தா. மேல்முடி வெயிலுக்கு நெழலு. அடிமுடிதான் எண்ணெயில சிக்குப் பிடிச்சுக் கம்பளியாக் கெடக்கு. சீப்பு குடுங்க."

வீட்டில் உறுதியான சீப்பு பொன்னுராஜின் தந்தச் சீப்புதான். அவருக்கு எதற்குச் சீப்பு என்று என்னைக் கேட்காதீர்கள்.

மத்தியானம் வரை சீவினார்கள். காதுக்குப் பின்னால் சிக்கைப் பிரித்ததும் புண், புழு நெளிந்தது. நாய் அவள் மணிக்கட்டைக் கவ்வியது. கடிக்கவில்லை.

"அவுக கேட்டா என்ன சொல்லுவீக?" என்றார் சின்னக்கருப்பு.

"நாந்தான் செஞ்சேன்னு சொல்லுவேன். நீ வேப்பெண்ணெயப் போடு."

முற்றத்தில் இன்னொரு நாயளவுக்கு முடி குவிந்தது. சாயங்காலம் மேஜர் எழுந்து ஒரு சட்டித் தண்ணீரைக் குடித்தது.

3

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று, திரும்பி வந்த பொன்னுராஜைக் கத்தவைத்தேன். "யார்டி என் நாயத் தொட்டது—"

ஒட்டவில்லை. உண்மையில் அவர், மேஜர் சோறு தின்பதைப் பார்த்தார். அன்னத்தாய் நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டார். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். என் கேலிக்கு ஒத்துவராததால் முதல் பிரதியில் இதை விட்டுவிட்டேன்.

மறுநாள் தாசில்தார் வந்தார். "இந்த வெயிலில் இதை எப்படி ஐயா வளர்க்கிறீர்?"

"அடிமுடியச் சீவி எடுத்துறணுங்க, மேல்முடியத் தொடப்படாது. நானே கண்டுபிடிச்ச முறைங்க."

காபித் தட்டோடு கதவருகே வந்த அன்னத்தாய் அப்படியே நின்றாள்.

அவள் அடுத்துச் சொன்னது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன், நீங்களே சொல்லவையுங்கள். நான் எழுதினால், அதையும் நானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வேன்.