முக்காட்டுத் துணி

சங்கரன்கோவிலில் புனித ரீத்தம்மாள் கோவிலுக்குக் கொடி ஏறுகிறதென்றால், அந்தக் கொடி ஹெலன் வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட வேண்டும். இருபத்தோரு வருஷமாக இதுதான் வழக்கம். மே மாசம் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் பேண்டுக்காரர்கள் அவள் வாசலில் வந்து நின்று வாசிப்பார்கள். தாம்பாளத்தில் மடித்து வைத்த கொடியை ஏந்திக்கொண்டு ஹெலன் முன்னால் நடப்பாள். கொடிக்குத் துணி எடுப்பது அவள், ஓரம் அடிப்பது அவள், அதில் படம் வரையக் கொடுத்து வாங்கி வருவதும் அவள். ஊரில் அவளைவிட அழகானவர்கள் இருக்கிறார்கள், படித்தவர்கள் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு சாயங்காலம் ஊர்வலத்தில் அவளுக்கு முன்னால் யாரும் கிடையாது. மற்ற முன்னூற்றுச் சொச்சம் நாளையும் அவள் இந்த ஒரு நாளை நினைத்தே ஓட்டினாள்.

இந்த வருஷம் அதற்கு வந்தது வினை. கொண்டுவந்தது வெளியாள் இல்லை, அவள் ஓரகத்தி ஞானபூரணம்தான்.

ஹெலனின் கொழுந்தன் பெண்டாட்டி அவள். ஒரே காம்பவுண்டு, அடுத்தடுத்த வாசல். கொழுந்தனுக்குப் பாத்திரக் கடை. ஞானபூரணத்தைப் பிடிக்காது என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் கிடையாது. யார் என்ன சொன்னாலும் சிரிப்பாள். ஏசினாலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பதினெட்டு வருஷமாகப் பக்கத்து வாசலில் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குத்தான் அதன் எரிச்சல் தெரியும்.

அப்படியென்ன கொண்டுவந்துவிட்டாள் என்கிறீர்களா? அவளுடைய அக்கா இத்தாலியில் கன்னியாஸ்திரி. முப்பது வருஷமாக அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கிறவள். லீவில் ஊருக்கு வந்த ஒரு சாமியார் கையில் தங்கைக்கு ஒரு திருப்பண்டம் கொடுத்து அனுப்பியிருந்தாள். புனிதர்களின் எலும்பையோ அவர்கள் உடுத்த துணியையோ அப்படிச் சொல்வார்கள். பழைய கைக்கடிகாரம் அளவில் ஒரு பித்தளைச் சிமிழ். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே நகத்தளவு கறுப்புத் துணி. ரீத்தம்மாளின் முக்காட்டிலிருந்து எடுத்த துண்டாம். கூடவே லத்தீனில் ஒரு சான்றுத்தாள், கீழே முத்திரை. பங்குச்சாமியாருக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியிலேயே அவர் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் கடைசியில் அவர் சொன்னார். "இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு ரீத்தம்மாளே நம்மகூட வாறாங்க. ஞானபூரணம் அம்மா வீட்டிலிருந்து திருப்பண்டம் முன்னால போகும். கொடி பின்னால வரும்."

கொடி பின்னால். ஹெலனுக்கு அதன் பிறகு பூசையில் எதுவும் காதில் விழவில்லை. சுற்றி இருந்த பெண்கள் ஞானபூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் வழக்கம்போலச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் சிமிழைப் பார்க்கப் பக்கத்து வாசலுக்கு அவளும் போனாள். கண்ணாடி வழியாக ஒரு நிமிஷம் பார்த்தாள். வெளியே வந்ததும் எதிர்த்த தையல் கடை கோமதிசங்கரிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"நம்ம ஜவுளிக் கடையில ஜன்னலுக்கு மாட்டுத கறுப்புத் திரை இருக்கில்லா, பாலிஸ்டர். அதுல வெட்டுன மாதிரி இருக்கு. நான் சும்மா சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடாதிய."

மனசில் வைத்துக்கொள்வதற்கா தையல்காரரிடம் சொல்வார்கள்? மத்தியானத்துக்குள் பூ மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது. ஐநூறு வருஷத்துக்கு மேலான துணி இற்றுப் போகாமல் இருக்குமா என்று பாதிப் பேர். கன்னியாஸ்திரி அம்மா எதற்குப் பொய் சொல்லப் போகிறார்கள் என்று மீதிப் பேர். பூசை முடிந்து வாசலில் நிற்கிறவர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். கோமதிசங்கருக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. ஹெலனின் புருஷன் ஜெயசிங்கிடமே கேட்டுவிட்டார்.

"எங்க கோவில் புத்துமண்ணை ஊரே நெத்தியில பூசுது. யாரும் சீல் குத்துன தாளு எங்கனன்னு கேட்டதில்ல. உங்களுக்கு மட்டும் எதுக்கு அண்ணாச்சி சர்டிபிகேட்டு?"

"அது வேற, இது வேற வே" என்றார் ஜெயசிங். வீட்டில் ஹெலன் நாளுக்கு நாலு தடவை பாலிஸ்டர் பாலிஸ்டர் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அவருக்கும் அது பாலிஸ்டராகவே தெரிய ஆரம்பித்திருந்தது.

பேச்சு முற்றிப்போய்ப் பங்குச்சாமியார், பிஷப் இருக்கிற ஆயர் இல்லத்துக்கு எழுதிப் போட்டார். இந்த விஷயம் தெரிந்த சாமியார் ஒருவர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. அதுவரை சிமிழ், பூசைத்துணிகள் வைக்கிற அறையில் பீரோவுக்குள் இருக்கட்டும் என்று முடிவானது.

அந்தப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது தெரியுமா? ஹெலனிடம். பீடத்துக்கு விரிக்கிற துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து அடுக்குவது இருபத்தோரு வருஷமாக அவள் வேலை.

வியாழக்கிழமை மத்தியானம். வெயில் கொளுத்தியதில் தெருவில் ஈ காக்கை இல்லை. தேய்த்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் கோவிலுக்குப் போனாள். பீரோவைத் திறந்து துணிகளை அடுக்கினாள். சிமிழைப் பார்த்தாள். நான் ஒன்றும் தப்புப் பண்ணப் போவதில்லை, நிஜமென்றால் நிஜமென்று நானே முதல் ஆளாகச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கடை போர்டில் இருப்பது ஜெயசிங் ஜவுளி. ஆனால் துணி தெரிந்தவள் ஹெலன்தான். அவள் அப்பாவுக்குப் புளியங்குடியில் நூல் வியாபாரம். பத்து வயசிலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். சந்தேகமென்றால் ஒரு இழை உருவு, தீயில் காட்டு, மோந்து பார். பருத்தி காகிதம்போல எரியும். பாலிஸ்டர் உருகிக் குருணையாக நிற்கும். பட்டும் கம்பளியும் முடி கருகின வாடை அடித்து மாவாக உதிரும். ஜெயசிங்குக்கு இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். அதுவும் அரைகுறையாகத்தான். ஊர் மட்டும் அவரிடம்தான் கேட்கும்.

சிமிழின் பின்பக்கம் சிவப்புப் பட்டு நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, நடுவில் அரக்கு வைத்திருந்தது. தபாலில் வருகிற பார்சலுக்கு இப்படித்தான் இருக்கும். வழியில் திறந்துகொள்ளாமல் இருக்கக் கட்டியது என்று நினைத்தாள். இடுப்பில் செருகியிருந்த கத்தரியால் நறுக்கினாள். மூடி கழன்றது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாகத் துணியின் ஓரத்தில் ஒரே ஒரு இழையை உருவினாள். மெழுகுதிரித் தட்டிலிருந்த தீப்பெட்டியை எடுத்து உரசினாள்.

முடி கருகின வாடை. விரலில் தேய்த்தாள், மாவாக உதிர்ந்தது. கையில் மிச்சமிருந்த துண்டு இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மில் நூல் இல்லை, அங்கங்கே குண்டும் ஒல்லியுமாக இருந்தது. கையால் நூற்ற கம்பளி. ரொம்பப் பழசு.

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்திருப்பாள். ஹெலனுக்கு அழுகைதான் வந்தது. அறை மூலையில் ரிப்பேருக்கு வைத்திருந்த ரீத்தம்மாள் சுரூபத்தைப் பார்த்து, வாய்விட்டே கேட்டாள்.

"ஒனக்கு நான் எத்தன வருஷமா தொவைக்கேன். கஞ்சி போட்டுப் போட்டு என் கை வெந்து போச்சு. எங்கிட்ட வரப்படாதா? கடல் தாண்டி வந்தும் அவ வீட்டுக்கா போகணும் ஒனக்கு?"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத் துணியை உள்ளே வைத்தாள். மூடியைப் பொருத்தி, நூலைக் கோந்து தடவி ஒட்டி, பீரோவைப் பூட்டினாள்.

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆயர் இல்லத்துச் சாமியார் இளவயசுக்காரர், ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். முதலில் தாளைப் படித்தார். "தாள் சரியாத்தான் இருக்கு. உள்ள துணிக்குக் கீழ ஒட்டியிருக்கிற எழுத்தும் இதுவும் ஒத்துப்போகுது" என்றார். ஞானபூரணத்தின் முகம் பூத்தது. ஹெலன் பல்லைக் கடித்தாள். பிறகு அவர் சிமிழைத் திருப்பினார். நகத்தால் நூலைத் தொட்டார். கோந்து விட்டுக்கொண்டு நூல் அவர் விரலோடு வந்துவிட்டது.

"முத்திரை உடைஞ்சிருக்கே" என்றார்.

அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விளக்கினார். "இந்த நூலும் அரக்கும்தான் சாட்சி. இது அறுந்துட்டா, உள்ள இருக்கிறது அங்க வச்ச துணிதான்னு இனி யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேற ஒண்ணை மாத்தி வச்சிருக்கலாம். அதனால இதைப் பொது வணக்கத்துக்கு வைக்க முடியாது."

ஹெலனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்சல் கட்டு என்று நினைத்ததா சாட்சி?

"சாமி, வரும்போது நல்லாத்தான் இருந்திச்சு" என்றாள் ஞானபூரணம். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "அவளே தொறந்து மாத்தியிருப்பா, யாரு கண்டா." அது அவள் காதில் விழுந்தது. முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அந்தச் சிரிப்பு ஒரு தடவையாவது போகாதா என்று பதினெட்டு வருஷமாகக் காத்திருந்தவள் ஹெலன். கண் நிறையப் பார்த்தாள். திருப்தியாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன். கொடி இனி முன்னால் போகும்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பங்குச்சாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "துணியவாவது பாத்துச் சொல்லட்டுமே. ஜெயசிங் அண்ணாச்சி, நீங்க ஜவுளிக்காரர், கொஞ்சம் வாங்க" என்றார். ஜெயசிங் முன்னால் போய்ப் பூதக்கண்ணாடியை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பெரிய நிபுணர் மாதிரித் தொண்டையைச் செருமினார்.

"இது பாலிஸ்டர் சாமி. பாத்த ஒடனே தெரியுதுல்லா."

கூட்டம் தலையை ஆட்டியது. ஜவுளிக்காரரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன. வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லாம் ஹெலன் நினைத்தபடியே நடந்திருக்கும். முடியவில்லை. இருபத்தைந்து வருஷம் சொல்லிக்கொடுத்தும் கம்பளியைப் பாலிஸ்டர் என்கிறாரே மனுஷன், அதற்கும் ஊர் தலையை ஆட்டுகிறதே என்று அவளுக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

"என்னது, பாலிஸ்டரா? கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு? பாலிஸ்டருன்னா உருகிக் குருணையா நிக்காதா? இது முடி வாடை அடிச்சு மாவா உதிந்துட்டு! கம்பளி! கையால நூத்த கம்பளி!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது.

இளஞ்சாமியார் மெதுவாகக் கேட்டார். "எரிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"ஒரு இழை" என்றாள் ஹெலன். "நூலை நான்தான் வெட்டுனேன். அது சாட்சின்னு எனக்குத் தெரியாது. மாத்தியெல்லாம் வைக்கல."

ஞானபூரணம் எழுந்து அவளை நோக்கி வந்தாள். அறையப் போகிறாள் என்று ஹெலன் நினைத்தாள். அறையட்டும் என்றும் நினைத்தாள், அடித்தால் அவளும் நம்மைப்போல ஒருத்திதான் என்றாகும்.

"அப்ப நெசந்தானாக்கா?" என்றாள் ஞானபூரணம். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர ஒன்றுமில்லை. "எங்கக்கா அனுப்புனது நெசந்தானா? எந்த விரலால எடுத்த?"

ஹெலன் யோசிக்காமல் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் நீட்டினாள். ஞானபூரணம் அந்த இரண்டு விரலையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். ஹெலன் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

கடைசியில் முடிவானது இதுதான். சிமிழைக் கோவிலில் வைக்க முடியாது, ஊர்வலத்தில் கொண்டுபோக முடியாது. அனுப்பியது ஞானபூரணத்துக்கு, அவள் வீட்டில் வைத்துச் செபம் செய்துகொள்ளலாம். வழக்கம்போலக் கொடி முன்னால் போகும்.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் பேண்டுக்காரர்கள் ஹெலன் வாசலில் வந்து வாசித்தார்கள். புது ஜரிகை வைத்துத் தைத்த கொடியைத் தாம்பாளத்தில் ஏந்தி அவள் முதல் ஆளாகப் படியிறங்கினாள். பத்தடி நடந்திருப்பாள். சத்தம் குறைகிற மாதிரி இருக்கவே திரும்பிப் பார்த்தாள். கூட்டம் மொத்தமும் அடுத்த வாசலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. சிமிழை உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று கிளாரினெட்காரர்கூட வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். தெருவில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஞானபூரணம் வெளியே ஓடி வந்தாள். "அக்கா, நீ மட்டும் தெருவுல நிக்கியே. நீயும் வந்து ஒரு முத்தி செஞ்சிட்டுப் போ."

"ஏட்டி பூரணம், ஒரு வார்த்த என்னைய வையேன்" என்றாள் ஹெலன். "ஒரே ஒரு வார்த்த."

"நான் எதுக்குக்கா வையணும்? ஒன்னாலதான அது நெசம்னு ஊருக்கே தெரிஞ்சிச்சு." ஞானபூரணம் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். "கொடியக் கொண்டா, நீ வார வரைக்கும் நான் பிடிச்சுக்கிடுதேன்."

ஹெலன் தாம்பாளத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள். "இத நானே வச்சுக்கிடுதேன்."