ரொட்டிக் கல்லில் வெந்த தோட்டம்

"அட்டன் பஸ் ஸ்டாண்டுல, ரொட்டிக் கடை வாசல்ல நின்னு, பதினேழே நிமிஷத்துல ஒரு முழுத் தோட்டத்தையும் போட்டு முடிச்சேன். ரோடு, லயம், பெக்டரி, முனியாண்டி கோயில், முப்பத்தாறு வளைவு. தாரு வேணாம், ஜல்லி வேணாம். அஞ்சு கிலோ எடைக்கல்லு ரெண்டு போதும்" என்றாள் அழகம்மா.

மலையூற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தரும் அழகம்மாவைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கேனை நிரப்பிக்கொண்டிருந்த அவள் புருஷன் வடிவேலின் பக்கம்தான் திரும்பியது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் அதுதான் வழக்கம். அழகம்மா ஒன்று சொன்னால் அதை வடிவேல் எடை போட வேண்டும்.

வடிவேல் முப்பத்தெட்டு வருஷம் மலையில் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை. யார் கூடையைத் தூக்கி வைத்தாலும் இலையில் ஒட்டிய தண்ணிக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார். வேலையை விட்டு ஒன்பது வருஷமாகியும் அந்தக் கை நிற்கவில்லை. இப்போது பெண்சாதியின் பேச்சில் கழித்துக்கொண்டிருந்தார். பாம்பு பத்தடி என்று அவள் சொன்னால், "தண்ணிக்கு எட்டடி போச்சு, மிச்சம் மண்புழு" என்பார்.

"என்னங்கய்யா, இதுல எவ்வளவு கழிக்கிறீங்க?" என்று கேட்டாள் கோசலா. பக்கத்து லயத்து வரிசைவீட்டுக்காரி, வாயை வாடகைக்கு விடலாம், அவ்வளவு பேச்சு.

வடிவேல் கேனை மூடினார். அதற்குள் அழகம்மா கதையைத் தொடங்கிவிட்டாள்.

அழகம்மா பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனால் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். அட்டனில் பாதிப் பேருடைய மூக்கை அவள் துடைத்துவிட்டிருக்கிறாள் என்பது அவள் கணக்கு. மீதிப் பாதி சளி பிடிக்காத பிள்ளைகளாம்.

அப்படி மூக்குத் துடைத்த பிள்ளைகளில் ஒருத்தி ஜீவராணி. அவளுக்கு மன்னாரில் மாப்பிள்ளை அமைந்தது; கல்யாணம் அட்டன் மண்டபத்தில். "அங்க எல்லாம் தட்டையாமே ஆயா. நம்ம ரோட்டு வளைவெல்லாம் இனி எங்க பாப்பேன்?" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழகம்மா யோசிக்கவே இல்லை. "உன் கழுத்துல தாலி ஏறும்போது, நம்ம தோட்டம் உன் முதுகுக்குப் பின்னால நிக்கும். வளைவு ஒண்ணுகூடக் குறையாது" என்று சத்தியம் செய்தாள். பிறகு ஆறு மாதம் பஸ்ஸில், கடையில், கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியும் வைத்தாள்.

அவள் போட்ட திட்டம், பச்சைத் துணியில் தோட்டத்தையே துண்டுதுண்டாக ஒட்டிய ஒரு பெரிய போர்வை. ரோட்டுக்குச் சாம்பல் துணியை நேராக வெட்டி வைத்துப் பார்த்தாள். முதல் வளைவிலேயே சுருங்கிக் கோழிக்குடல் மாதிரி ஆனது. பிறகு தையல்காரர்கள் கிராஸ் பீஸ் என்பார்களே, அதைப்போலத் துணியை மூலைவாட்டில் சரித்து நீளநீளமாக வெட்டினாள். அப்படி வெட்டிய துணி இழுத்த பக்கம் வரும். உள்வளைவை முதலில் பிடித்து, வெளிவளைவை விரலால் நீவிவிட்டால், ரோடு தானே மலையைச் சுற்றிக்கொண்டு ஏறும். ரோடு, லயம், கோயில் எல்லாவற்றையும் ஒட்ட டவுனில் வாங்கிய பசைத்தாள். சிலந்திவலை மாதிரிப் பசை, அதன் முதுகில் ஒரு காகிதம். துணிக்கு அடியில் வைத்து இஸ்திரி போட்டு, வடிவம் வெட்டி, காகிதத்தை உரித்து, பச்சைத் துணியில் வைத்து மறுபடி இஸ்திரி. சூடு ஏறினால் ஒட்டும். ஆற விட்டால் பிடிக்கும். ஓரத்தைப் பிறகு தைத்துக்கொள்ளலாம்.

ஆற விட வேண்டும் என்பதில்தான் வந்தது வினை. லயத்துக் கரண்டில் இஸ்திரிப் பெட்டி பூனை வயிறு அளவுக்குத்தான் சுடும்; பசை அரைகுறையாகத்தான் இளகும். கல்யாணத்தன்று விடியற்காலையில் கடைசித் துண்டை ஒட்டி, சூட்டோடு சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சுருட்டியபடி வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். லிந்துலையில் கண்டக்டருக்கு விரித்துக் காட்டினாள். தலவாக்கலையில் ஏறிய நர்ஸம்மாவுக்கு விரித்துக் காட்டினாள். கொட்டகலையில் முட்டைக்கோவா மூட்டைக்காரருக்கு, அவர் கேட்காமலே காட்டினாள்.

"ஆற விடணும்னு நீதான சொன்ன?" என்றார் பக்கத்தில் இருந்த வடிவேல்.

"ஜன்னல் காத்துல ஆறுதுல்ல? சும்மா வாங்க!"

அட்டனில் இறங்கி ரொட்டிக் கடை பெஞ்சில் கடைசியாக ஒரு தடவை விரித்தாள். தோட்டம் பொலபொலவென்று கொட்டியது. ரோடு பாம்புச் சட்டை மாதிரிக் கழன்று தொங்கியது. பெக்டரி பிளேன்டீக்குள் விழுந்தது. பச்சைத் துணியில் ஒட்டியிருந்தது ஒரே ஒரு மாடு.

முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. டவுன் முழுக்க மத்தியானம் வரை கரண்ட் இல்லை. தையல் கடையில் இஸ்திரிப் பெட்டி ஐஸாகக் கிடந்தது.

அழகம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை என்பதால் வடிவேல் பயந்துபோனார்.

"அந்தப் புள்ள திரும்பித் திரும்பி வெறுஞ்சுவத்தப் பாக்கும்ங்க" என்றாள் கடைசியில்.

கடைக்குள்ளிருந்து ரொட்டி மாஸ்டர் எட்டிப் பார்த்தான். கஜேந்திரன், முப்பத்தைந்து வயது, மீசை கன்னம் வரை. "ஆயா, என்னயத் தெரியுதா? உங்க பிள்ளைக்காம்பராவுல மண்ணத் தின்னவன்!"

அழகம்மா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள். கேஸ் அடுப்பின் மேல், கட்டில் பலகை அகலத்தில் ரொட்டிக் கல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் எழுந்தாள்.

"துணியப் போட்டா எண்ணெ ஆயிரும், ஆயா" என்றான் கஜேந்திரன்.

"துணியப் போடல. இரும்பப் போடுறேன்." பக்கத்து மரக்கறிக் கடையைத் திரும்பிப் பார்த்தாள். "சோலைமலை முதலாளி! அந்த அஞ்சு கிலோ கல்லு ரெண்டையும் குடுங்க!"

"கல்ல எடுத்துட்டா நான் கெழங்க எப்படி நிறுக்கிறது?"

"இவரு கையால தூக்கியே சொல்லுவாரு. ஆனா ரெண்டு கிலோ கழிப்பாரு, பாத்துக்கங்க."

ரொட்டிக் கல்லைக் கஜேந்திரன் சுரண்டித் துடைத்தான். எடைக்கற்கள் இரண்டும் அதன் மேல் ஏறின. சூட்டைப் பார்க்க ஒரு துணி வேண்டியிருந்தது. அழகம்மா வடிவேலின் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி, சூடேறிய ஒரு எடைக்கல்லைச் சாக்கால் பிடித்து அதன் மேல் வைத்தாள். புகை வந்தது.

"அது எங்க அக்கா குடுத்தது!" என்றார் வடிவேல்.

"அக்காவுக்கு நான் சொல்லிக்கிறேன். சூடு கொஞ்சம் கூட. ஒரு நிமிஷம் ஆறட்டும்." இந்தத் தடவை அவளே ஆற விட்டாள்.

பிறகு நடந்ததை அழகம்மா சொல்லும்போது அட்டனே வந்து வேடிக்கை பார்த்ததாகச் சொல்வாள். கொழும்பு பஸ் கிளம்ப மறுத்ததாம். பெஞ்சின் மேல் போர்வை. அவள் துண்டுகளை வைத்து, உரித்துப் பையில் சேர்த்திருந்த காகிதத்தை மேலே பரப்புவாள். வடிவேல் சாக்குத் துணியால் வளையத்தைப் பிடித்துக் கல்லைத் தூக்கி வைப்பார்.

"தேய்க்காதீங்க! அமுக்குங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க."

"எட்டு வரைக்கும் எண்ணினாப் போதும்."

"இதுலயும் கழிக்கிறீங்களா? பத்து!"

ஒரு கல் ஆறினால் அடுத்தது. கஜேந்திரன் கொத்து ரொட்டித் தகட்டால் டக்குடக்கென்று ரொட்டிக் கல்லில் தாளம் தட்டினான். நின்றிருந்தவர்கள் சேர்ந்து எண்ணினார்கள். சில பேர் சிங்களத்தில் எண்ணினார்கள்; பத்தில் மட்டும் எல்லாரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். முப்பத்தாறாவது வளைவு உட்கார்ந்ததும் ஒருத்தர் விசில் அடித்தார். கடைசியாக ஒட்டியதிலிருந்து நூறு எண்ணி முடியும்வரை அழகம்மா ஒருத்தரையும் அதைத் தொட விடவில்லை. தானும் தொடவில்லை. அதற்காகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மண்டபத்துச் சுவரில் போர்வையைத் தொங்கவிட்டபோது ஜீவராணி மணவறையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

அவசரத்தில் ஒரு மாறாட்டம் நடந்திருந்தது. மலை உச்சியில் தோட்ட மேனேஜர் தொரயின் பங்களா இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைக்காம்பரா ஒட்டியிருந்தது. பங்களா கீழே மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில், விழாமல் ஒட்டியிருந்த அந்த மாட்டின் வாலடியில் இருந்தது.

"அதத்தான் ஆயா இவ்வளவு நாளா நானும் நெனச்சேன்" என்று கூவினாள் மணப்பெண். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தாலி ஏறியது. முப்பத்தாறு வளைவும் பின்னால் நின்றன.

"அம்புட்டுத்தான்" என்று பீலியில் முடித்தாள் அழகம்மா. "ஓரம் தைக்க நான் மன்னாருக்குப் போகணும். அதுவரைக்கும் துவைக்காதன்னு சொல்லியிருக்கேன்."

கோசலா விடவில்லை. "ஐயா, நீங்க சொல்லுங்க. எடைக்கல்லாம், ரொட்டிக் கல்லாம், தோட்டமாம். இதுல எவ்வளவு நெசம்?"

வடிவேல் கேனைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து உதறி விரித்தார். நட்ட நடுவில், எடைக்கல்லின் அடி அளவுக்கு, காப்பிக் கலரில் ஒரு வட்டம் கருகியிருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"பதினேழு நிமிஷம்னு சொன்னா பாரு" என்றார் வடிவேல். "அது பொய்."

அழகம்மா வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் கைக்கடியாரத்தப் பாத்தேன். பதினாறுதான். மிச்சமெல்லாம் நடந்தது. அவ வச்சத மாத்தி, பங்களாவ மாட்டு வாலுக்குக் கீழ ஒட்டுனதும் நான்தான், கண்ணு நல்லாத் தெரிஞ்சுதான் ஒட்டுனேன். இதுல தண்ணிக்குக் கழிக்க ஒண்ணுமில்ல."