கொம்புல பதினோரு வான்கோழி

அந்த வருஷம் அக்டோபர் மூணாந்தேதியில இருந்து, டென்சில் கிரைடரோட நெலத்துல பதினோரு காட்டு வான்கோழிங்க ஒரு கெடா மானோட கொம்புல ஏறித் தூங்க ஆரம்பிச்சதுங்க. அதே வாரம் தீவனக் கடையில சோளம் மூட்டைக்கு அம்பது சென்ட் ஏறிச்சு. எங்க ஊரு பேட்டன் மில்லுல ஜனங்க ரெண்டாவது விஷயத்துக்குத்தான் அதிகமா பொலம்புனாங்க. பொழுது சாயுற நேரத்துல மான் க்ளோவர் தீவனப்புல் வயல் நடுவுல வந்து தலைய கொஞ்சம் தாழ்த்தி நிக்கும். கோழிங்க ஒண்ணொண்ணா பறந்து ஏறும். பெரிய கோழி நடுவுல, சின்னதுங்க ஓரத்துல, எப்பவும் சண்ட போடுற ரெண்டும் ஆளுக்கு ஒரு பக்கம். விடிஞ்சதும் எறங்கி மேயப் போயிடும். மான் கழுத்த ஒரு சொடக்கு சொடக்கிட்டு அதுவும் போயிடும்.

இது எப்படி இந்த அளவுக்கு வந்துச்சுன்னா, அதுக்கு டென்சிலோட வாக்குதான் காரணம். அவரு மனைவி வெர்லீன் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுனவங்க. அந்த மலைரோட்டுல பிரேக்க மிதிச்சு மிதிச்சு வலது முட்டி தேஞ்சு போச்சு. அவங்க ரிட்டயர் ஆன வருஷமே மக கார்லீன் டல்சா நகரத்துல தன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பாத்து வச்சா. மஞ்ச பெயின்ட் அடிச்ச சமையக்கட்டு, வாசல்ல ஒரு படி கூட கெடையாது. பேத்தி வேற பொறந்திருந்தா. போலாம்னு டென்சில் ஒத்துக்கிட்டாரு. ஆனா ஒண்ணு, நெலத்துல ஒரு சின்னக் கெடா மான் நல்ல களையா வளந்துட்டு வருது, அத அடிச்சிட்டு மறுநாளே கெளம்பிடலாம்னாரு. வெர்லீனும் சரின்னு அட்டப் பொட்டியில சாமான் கட்டி வெளித் தாழ்வாரத்துல அடுக்கி வச்சாங்க.

எங்க பக்கத்துல நாப்பது, அம்பது ஏக்கர் வச்சிருக்கவங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் உண்டு. நாலு வயசு ஆகாத கெடாவ யாரும் சுடக் கூடாது. பரண்ல குந்தி, விரல விசையில வச்சிட்டு, போகட்டும்னு விட்டுடணும். அது மாதிரி நல்ல பழக்கம் வேற கெடையாது. ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு, அத யாரும் சொல்லித் தர்றதில்ல. மானுக்கு நாலு வயசு ஆன வருஷம் கொம்புல எட்டுக் கிளை இருந்துச்சு. டென்சில் குறி வச்சாரு. அடுத்த வருஷம் பத்தாகும்லன்னு தோணிச்சு, விட்டுட்டாரு. அடுத்த வருஷம் பதினாலு. இன்னும் ஒரு வருஷம் பாப்போம்னாரு. அதுக்கடுத்த வருஷம் இருபத்தாறு. வெர்லீன் கட்டி வச்ச பொட்டியில குருவி கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, குஞ்சோட குஞ்சும் வந்து கூடு கட்டிச்சு.

மான் தை மாசத்துல கொம்ப உதுக்கும், புரட்டாசிக்குள்ள புதுசு மொளைக்கும், அது எல்லா மானுக்கும் உள்ளதுதான். இது உதுத்தத டிராக்டர் கட்டித்தான் இழுத்துட்டு வரணும். ஒரு வருஷத்துக் கொம்பு தோட்டத்து வேலியாச்சு. மறு வருஷத்தது வெர்லீன் துணி காயப் போடுற கொடியாச்சு. மான் காட்டுக்குள்ள போக முடியாம தவிச்சதப் பாத்து டென்சில் மரத்துக்கு நடுவுல பன்னெண்டடி அகலத்துல பாதை அறுத்தாரு. வெயில் உள்ள வந்துச்சு, புல்லு வந்துச்சு, முப்பது வருஷமா கண்ணுல படாத காடை வந்துச்சு. அந்த வேகத்துலதான் தப்பு பண்ணாரு. க்ளோவருக்கு நெழல் விழுதுன்னு ஓடையோரத்து பெரிய சிக்கமோர் மரத்த அறுத்துத் தள்ளிட்டாரு. மானையே நெனைச்சிட்டிருந்தவருக்கு வான்கோழிங்க தூங்குற மரம் அதுதான்னு நெனப்பே வரல. கோழிங்க மூணு நாள் வெட்டுன அடிமரத்தச் சுத்தி நடந்துச்சுங்க. நாலாம் நாள் அக்கம்பக்கத்துல அதுக்கு ஈடா கிளை உள்ளது எதுன்னு பாத்து மேல ஏறிடுச்சுங்க.

வனத்துறை ஆளு ஒருத்தர் வந்து பாத்தாரு. அறுபது கிளை வரைக்கும் எண்ணிட்டு பேனாவ மூடிட்டாரு. மான் வேட்டைக்குக் குடுக்குற அனுமதிச் சீட்டு மானுக்கு மட்டும்தான் செல்லும், கோழிங்க எறங்குனதுக்கு அப்புறம்தான் சுடணும், மத்தபடி சட்டத்துல எந்தத் தடையும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு, வெர்லீன் சுட்ட ஆப்பிள் பை ரெண்டு துண்டு சாப்ட்டுட்டுப் போனாரு.

வேலிக்கு அந்தப் பக்கம் லோய் ஹட்ஸெல். ஒப்பந்தத்துல சேராத ஒரே ஆளு. "யோவ் டென்சில், எனக்குப் பொறுமையும் கெடையாது, என் ஃப்ரீசரும் காலி. அது இந்தப் பக்கம் ஒரு காலு வச்சா சோலி முடிஞ்சுது, சொல்லிட்டேன்" அப்படின்னு தீவனக் கடையில பத்துப் பேரு முன்னால சொன்னாரு. மான் நாலு காலையும் வச்சிச்சு. லோய் துப்பாக்கிய தூக்குனாரு. பதினோரு கோழியும் ஒரே நேரத்துல கழுத்தத் திருப்பி அவரப் பாத்துச்சுங்க. வீட்டுக்குப் போயிட்டாரு. மறு வாரம் அந்த எடத்துல வேலிய வெட்டி கதவு போட்டாரு. மாட்டுக்குன்னு சொல்லிக்கிட்டாரு. அவருகிட்ட மாடே கெடையாது.

நவம்பர் கடைசியில நன்றித் திருநாள் விருந்துக்கு வெர்லீன் கடையில வாங்குன வான்கோழிய கோட்டுக்குள்ள மறைச்சுத்தான் வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போவாங்க. அந்த அளவுக்கு மரியாத பழகிடுச்சு. ஆனா முட்டி வலிக்கத்தான் செஞ்சுது. பேத்திக்கு எட்டு வயசாயிடுச்சு, ஃபோன்ல பாத்தே பல்லு விழுந்து பல்லு மொளைச்சிடுச்சு. ஒன்பதாவது வருஷம் டென்சிலுக்குக் கண்ணுல புரை விழுந்துச்சு. இந்த வேட்டை சீசன் வேணாம், கண்ணு சரியாகட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு. காபி ஊத்திட்டிருந்த வெர்லீன் பாத்திரத்த கீழ வச்சாங்க.

"டென்சில், உனக்கு அந்த மானையும் சுட வராது, டல்சாவுக்குப் போக மாட்டேன்னு என்கிட்ட சொல்லவும் வராது. ஒன்பது வருஷமா அது கொம்புல தொங்கிட்டிருக்கது நான்தான்."

அவரு காலிக் கோப்பைய அவங்க பக்கம் நகத்துனாரு.

"சனிக்கெழம நான் போறேன். நான் சுடறேன். ஞாயித்துக்கெழம டல்சா."

தீவனக் கடைக்குப் போய் தன் பேருல சீட்டு வாங்குனாங்க. பத்து நிமிஷத்துல ஊருக்கே தெரிஞ்சு போச்சு. வெர்லீன் குறி தப்பாது, அவங்க அப்பா கத்துக் குடுத்தது. பஸ்ஸுல கடைசி சீட்டுல பப்புள் கம் மென்னவனையே கண்ணாடியில பாத்துப் பேரு சொல்லிக் கூப்புடுறவங்க. அந்த வாரம் யாரும் கிரைடர் வீட்டுப் பக்கம் போகல.

சீசன் தொறந்த சனிக்கெழம விடியுற நேரத்துல வேட்டைக்காரங்க போடுற செம்மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டு, முட்டியில துணி சுத்திக்கிட்டு, பரண்ல ஏறுனாங்க. பனி க்ளோவர் மேல உப்பு மாதிரி கெடந்துச்சு. மான் வயல் நடுவுல நின்னுச்சு. சூரியன் மேட்டத் தொட்டதும் கோழிங்க ஒண்ணொண்ணா எறங்குச்சுங்க. பத்து எறங்கிடுச்சு. பதினோராவது மட்டும் கொட்டாவி விட்டுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. சட்டப்படி காத்திருக்கணும்ல. சும்மா இருந்த நேரத்துல வெர்லீன் தூரக்கண்ணாடியில கொம்பப் பாத்தாங்க. காத்துல பறந்து போச்சுன்னு நெனைச்ச நீலத் துண்டு அங்க சிக்கியிருந்துச்சு. ஒரு தேன்சிட்டுக் கூடு இருந்துச்சு. எத்தன கிளைதான் இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சாங்க. எழுபத்தொண்ணுல தப்பிப் போச்சு. மறுபடி எண்ணுனாங்க, எழுபத்து மூணு. அப்பத்தான் எடப்பக்கம் காதுக்கு மேல, கட்டைவிரல் அளவுக்கு ஒண்ணு புதுசா எட்டிப் பாக்குறது தெரிஞ்சுது. மத்த எல்லாம் மேல போனா இது முன்னால நீண்டிருந்துச்சு, காபிக் கோப்பைக்குக் கைப்பிடி மாதிரி. இது எந்தப் பக்கம் போகும்?

கடைசிக் கோழி எறங்கிடுச்சு. மான் பரண் பக்கமா பக்கவாட்டா திரும்பி, முழுசா நின்னுச்சு. இருபது கஜம் கூட இருக்காது. விரல் விசையிலதான் இருந்துச்சு.

டென்சில் சமையக்கட்டுல ஏற்கெனவே கழுவுன தட்ட மறுபடி கழுவிட்டிருந்தாரு. கதவு தொறந்துச்சு. அவரு திரும்பல.

"சத்தம் கேக்கலயே."

வெர்லீன் துப்பாக்கிய மூலையில சாத்திட்டு, நாற்காலியில குந்தி, முட்டியத் தேச்சுக்கிட்டே இருந்தாங்க. "எடப்பக்கம் ஒண்ணு புதுசா வருது, பாத்தியா?"ன்னு கேட்டாங்க.

"கைப்பிடி மாதிரியா?"

"ம்."

"கண்ணு மங்குறதுக்கு முன்னாலயே பாத்தேன்" அப்படின்னாரு டென்சில். தட்டு இன்னும் கையிலயே இருந்துச்சு. "நீ பாக்காம இருந்தா நல்லதுன்னு நெனைச்சேன்."

"இன்னும் ஒரு வருஷம் வளரட்டும்யா. ஆனா ஒண்ணு, உன்ன நம்பி இனி நான் காத்திருக்க மாட்டேன். மாசத்துல மொத வாரம் நான் டல்சாவுல. நீ வந்தா வா, இல்லாட்டி கோழிங்களோட இரு."

பொட்டிய பிரிச்சு உள்ள வைக்கட்டுமான்னு கேட்டாரு. வேணாம், பங்குனியில குருவி வரும்னாங்க.

அப்படித்தான் ஆச்சு. மாசாமாசம் ஒண்ணாந்தேதி வெர்லீன் காரை எடுத்துக்கிட்டு, பஸ் ஓட்டுனப்ப பழகுன மாதிரியே ஒவ்வொரு ரயில் கேட்லயும் நிறுத்தி, கதவத் தொறந்து ரயில் வருதான்னு காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் போவாங்க. மஞ்ச சமையக்கட்டு இருந்த வீட்ட வேற யாரோ வாங்கிட்டாங்க. கார்லீன் வீட்டுலயே ஒரு ரூம் போட்டுக் குடுத்தா. டென்சில் ரெண்டு மாசம் வீம்பா இருந்து பாத்தாரு, மூணாவது மாசம் பக்கத்து சீட்டுல ஏறி குந்திட்டாரு. அந்த ஒரு வாரம் லோய் வந்து கோழி எண்ணி, சாயந்தரம் ஃபோன்ல ஒப்பிப்பாரு.

பேத்தி கோடை லீவுக்கு வந்தப்ப ஓடையோரத்துல சிக்கமோர் கன்னு ஒண்ணு நட்டா. அது மரமாக நாப்பது வருஷம் ஆகும். அடுத்த புரட்டாசியில கைப்பிடி கிளை முன்பக்கமா நாலடி நீண்டுச்சு, அதுல மூணு கோழி புதுசா வந்து ஒக்காந்துச்சுங்க. மொத்தம் பதினாலு. மான் தலை கொஞ்சம் எடப்பக்கம் சாஞ்சுது. சண்டக்காரி ரெண்டும் வலப்பக்கம் மாறிக்கிட்டதும் சரியாயிடுச்சு. டென்சில் பாதைய பதினாலடி ஆக்குனாரு. லோய் வேலிக் கதவக் கழட்டி, ரெண்டடி அகலமாக்கிப் போட்டாரு.