அம்மன் கொட்டகைக்குப் போயிருந்தபோது

1
ஒரு கோயிலை எப்படிப் பழுது பார்க்கிறார்கள் என்று விளக்கத்தான் உட்கார்ந்தேன். கதை எழுதும் எண்ணமே இல்லை.

மலேசியாவில், சுங்கை பினாங் பக்கம் நூற்றாண்டு கடந்த ஓர் அம்மன் கோயில். (கற்பனையில் நான் கட்டியது. தேடிப் போக வேண்டாம்.) திருப்பணி தொடங்குமுன் குருக்கள் சிலையில் இருக்கும் அம்மனைக் குடத்து நீருக்கு அழைப்பார். பிறகு அங்கிருந்து அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கு. பலகையைத் தகரக் கொட்டகையில் வைப்பார்கள். கும்பாபிஷேகம் வரை பூசை எல்லாம் அதற்குத்தான். இதற்குப் பாலாலயம் என்று பெயர். வீட்டைப் புதுப்பிக்கும்போது நாம் வாடகை வீட்டுக்குப் போகிறோமே, அப்படி.

அப்படியானால் கருவறைக்குள் இப்போது இருப்பது என்ன? இந்த இடத்தில்தான் லோகேஸ்வரி உள்ளே வந்தாள். கட்டுரை கெட்டது.

2
அவளுடைய தம்பி குணாளனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அவளுடையது பொருந்தும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொடுக்க ஆசை. கொடுக்கப் பயம். (எது முதலில் வரவேண்டும்? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.)

அம்மனிடம் பூக்கட்டிக் கேட்டாள். வெள்ளைப் பூப் பொட்டலம் வந்தால் கொடு, சிவப்பு வந்தால் வேண்டாம். பழகிய கால்கள் அவளைக் கொண்டுபோய் நிறுத்தின, சாரத்துக்குப் பின்னால் சாத்திக் கிடந்த கருவறை வாசலில். கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

3
குணாளன் காரில் காத்திருந்தான்.

"அம்மா குடுக்கச் சொல்லிட்டாங்கடா தம்பி."

"எங்கக்கா கேட்ட?"

"கர்ப்பக்கிரகத்து வாசல்லதான்."

"அலாமா! அங்க யாரு இருக்கா? அம்மன் கொட்டகைக்கு மாறிட்டாங்க லா. ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டிக் கேட்டுட்டு வந்திருக்க!" பெரிதாகச் சிரித்தவன், பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "செல்லாதுக்கா. விடு. எனக்கு டயாலிசிஸே போதும்."

அதைக் கேட்டதும் லோகேஸ்வரிக்கு நிம்மதி—

இல்லை. அதைக் கேட்டதும் லோகேஸ்வரிக்கு ஏமாற்றம்—

இரண்டையும் அடித்தேன். அம்மன் கல்லிலிருந்து நீருக்கும் நீரிலிருந்து மரத்துக்கும் போகும் வழி எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் இவள் மனம் எங்கே போனது என்று தெரியவில்லை.

[குருக்களைக் கேட்டால் தீர்ந்தது என்பீர்கள். அவளைக் கேட்க வைத்தேன். "கல்லுல இல்லேன்னா காதுல விழாதுன்னு அர்த்தமில்லம்மா. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார். குழப்பம் இரட்டித்தது.]

4
முடிவு அ: கொட்டகையில் மறுபடி கேட்கிறாள், வெள்ளை. ஆனால் வெள்ளை வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருப்பாளோ?

முடிவு ஆ: சிவப்பு. குணாளன், "பாத்தியா, நான்தான் சொன்னேன்ல" என்று கைதட்டுகிறான். பிறகு வீடுவரை இருவரும்

(இதற்கு மேல் ஓடவில்லை.)

5
ஆகவே அவளைக் கொட்டகையில், பலகைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். புதிதாகக் கட்டிய இரண்டு பொட்டலங்கள் தட்டில். கையை நீட்டிவிட்டாள்.

"அக்கா, கேக்காத. வா, போலாம்." குணாளன் மெதுவாக நடந்து வாசல்வரை வந்துவிட்டான்.

அவள் திரும்பினாள். "கேக்கலேன்னா, மொதல்ல வந்தது செல்லுமாடா?"

அவனுக்காக நான் எழுதிய "செல்லும்", "செல்லாது" இரண்டுமே அவன் வாயில் நிற்கவில்லை. அவள் இப்போது அவனைத் தாண்டி, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களைப் பார்க்கிறாள். செல்லுமா?